கொளுத்தும் வெயிலில் ஒரு நடமாடும் வீடு

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வண்டியைப் பற்றிய கட்டுரையா என்று கேட்கிறீர்களா? கடைசி வரை படியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் கம்ப்யூட்டர் டேபிளின் பின்பக்கத்தை ஒரு முறை எட்டிப் பார்ப்பீர்கள்.

அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. வேனுக்குள் ஒரு சின்ன வீட்டைக் கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் ஆர்.வி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். கூரை மேல் ஒரு ஏ.சி. உட்கார்ந்திருக்கும். முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள மின் கம்பத்தில் தடிமனான ஒயரைச் செருகினால் வீடு தயார்.

2022-ஆம் ஆண்டு ஒரு ப்ராஜெக்டுக்காக நான் அரிசோனா மாநிலத்தில் இருந்தேன். ஜூலையில் என் அறை நண்பனின் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு ஊர் சுற்றிக் காட்ட வாடகைக்கு ஒரு ஆர்.வி. எடுத்தோம். முதல் நாள் லேக் ஹவாசு சிட்டி. 1994 ஜூன் 29 அன்று 53 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்து, அரிசோனா மாநிலத்தின் சாதனை வெப்பநிலை பதிவான ஊர் அது. இதை நாங்கள் போவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். போய் வந்த பிறகுதான் படித்தோம்.

அன்று நடந்தது என்ன?

மதியம் வெளியே 46 டிகிரி. வண்டிக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு, ஐஸ் வாங்க நானும் நண்பனும் கடைக்குப் போனோம். என் லேப்டாப், கேமராவில் இருந்த போட்டோக்களை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் அடுப்பு மூடியைத் திறந்தது போல அனல் அடித்தது. ஏ.சி. நின்றிருந்தது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. எழுந்தவர் தடுமாறினார்.

"சோறு வைக்கலாம்னு குக்கரைப் போட்டேன் தம்பி. கரண்ட் போயிருச்சு. வந்துரும்னு உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

நம் ஊரில் கரண்ட் போனால் காத்திருப்போம், வந்துவிடும். ஆனால் அங்கே போனது ஊர்க் கரண்ட் அல்ல. எங்கள் கம்பத்தில் இருந்த பிரேக்கர் டிரிப் ஆகியிருந்தது. யாராவது கையால் போட்டால்தான் திரும்ப வரும். அதை அவருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

உடனே அவரைக் கைத்தாங்கலாக முகாம் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே நல்ல ஏ.சி. இருந்தது. ஈரத் துண்டைக் கழுத்திலும் கைகளிலும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். பேச்சு குழறியிருந்தாலோ, மயங்கியிருந்தாலோ ஆம்புலன்சைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அங்கே 911, இங்கே 108. வறண்ட வெயிலில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பதே தெரியாது.

கணக்கு எங்கே தப்பியது?

எங்கள் கம்பத்தில் இருந்தது 30 ஆம்ப் இணைப்பு. அமெரிக்காவில் 120 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 3,600 வாட். அதுதான் எல்லை. இப்போது ஓடிக்கொண்டிருந்தவற்றைக் கூட்டுவோம். எல்லாம் தோராயக் கணக்குத்தான்.

கூரை ஏ.சி. - 1,500 வாட்
வெந்நீர் ஹீட்டர் - 1,400 வாட்
ஃபிரிட்ஜ் - 300 வாட்
லேப்டாப் சார்ஜர் - 65 வாட்

மொத்தம் 3,265 வாட். இதுவே எல்லைக்குப் பக்கம். இதன் மேல் 600 வாட் ரைஸ் குக்கரைப் போட்டால் 3,865. பிரேக்கர் டிரிப் ஆகாமல் என்ன செய்யும்? வெயிலில் காயும் பிரேக்கர், எல்லையைத் தொடும் முன்பே டிரிப் ஆகவும் வாய்ப்பு உண்டு. 46 டிகிரி வெயிலில் வெந்நீர் ஹீட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டி எடுத்தபோது ஆன் ஆகியிருந்த ஸ்விட்ச் அது. நாங்கள் கவனிக்கவில்லை.

ஆகவே முதல் விதி: ஏ.சி. ஓடும்போது சூடாக்கும் கருவி எதையும் சேர்த்துப் போடாதீர்கள். சமையலை வண்டிக்கு வெளியே, கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் சூடும் உள்ளே வராது.

ஏ.சி. எவ்வளவு தாங்கும்?

ஆர்.வி. ஏ.சி.க்கள் பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பிடியு அளவில் வருகின்றன. நம் கணக்கில் 12,000 பிடியு என்பது ஒரு டன். அதாவது ஒன்றே அரைக்கால் முதல் ஒன்றேகால் டன். ஒரு அறைக்கு இது தாராளம். ஆனால் ஆர்.வி.யின் சுவர் சுமார் 5 சென்டிமீட்டர் தடிமன்தான். நாலு பக்கமும் ஜன்னல். முன்னால் பெரிய கண்ணாடி. மேலே வெயிலில் காயும் கூரை.

இன்னொரு விஷயம். ஏ.சி. தன்னுள்ளே போகும் காற்றை ஏறக்குறைய 10 டிகிரி குறைத்து வெளியே விடும். உள்ளே 40 டிகிரி ஆன பிறகு போட்டால் 30 டிகிரி காற்றுதான் வரும். அதுவும் சுவர், மெத்தை, பாத்திரம் எல்லாவற்றின் சூட்டோடும் போராட வேண்டும். அதனால் காலையிலேயே போட்டுவிட வேண்டும். ஃபில்டரைக் கழுவி வைக்க வேண்டும்.

வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

உள்ளே வந்த சூட்டை வெளியேற்றுவதை விட, வராமல் தடுப்பது சுலபம்.

1. வண்டியை நிறுத்தும் திசையைப் பாருங்கள். மரநிழல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வண்டியின் மூக்கைத் தெற்கே வையுங்கள். அமெரிக்க வண்டிகளில் இழுத்து விரிக்கும் பந்தல் வலது பக்கம் இருக்கும். அது மேற்கு வெயிலை மறைக்கும். பலமாகக் காற்று வீசினால் பந்தலைச் சுருட்டிவிட வேண்டும்.

2. முன்கண்ணாடியை வெளிப்பக்கமாகவே மூடுங்கள். உள்ளே திரை போட்டால் கண்ணாடி சூடாகி, அந்தச் சூடு உள்ளேதான் இறங்கும்.

3. ஜன்னல்களுக்கு வெள்ளி நிறப் பளபளப்புத் தாளை அளவாக வெட்டிப் பொருத்துங்கள். கூரையில் 14 அங்குலச் சதுரத் திறப்பு இருக்கும். அதற்கும் ஒரு பஞ்சுத் திண்டு வைத்து அடைக்கலாம்.

4. வோல்டேஜ் மீட்டர் ஒன்றைச் செருகி வையுங்கள். மதியம் எல்லா வண்டிகளும் ஏ.சி. போடும்போது வோல்டேஜ் இறங்கும். 105-க்குக் கீழே போனால் ஏ.சி.யை நிறுத்துவது நல்லது. கம்ப்ரஸர் கெட்டுவிடலாம். ஸ்டெபிலைசர் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லவே வேண்டாம்!

5. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர், அரிசோனாவின் வறண்ட ஜூனில் நன்றாக வேலை செய்யும். ஜூலையில் மழைக்காற்று தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் பலன் குறைந்துவிடும். சென்னையில் ஏர் கூலர் எடுபடாததற்கும் இதே காரணம்தான்.

6. ஆள் இருக்கும் வண்டியானாலும், நாய் இருக்கும் வண்டியானாலும் வெப்ப அலாரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு கூடினாலோ, கரண்ட் போனாலோ உங்கள் செல்போனுக்குச் செய்தி வரும். பேட்டரியும் சிம் கார்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வைஃபையை மட்டும் நம்பிய அலாரம், கரண்ட் போனதும் வைஃபையோடு சேர்ந்து தூங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதே! மறுநாள் காலை மலை ஏறி ஃபிளாக்ஸ்டாஃப் போய்விட்டோம். உயரம் சுமார் 2,100 மீட்டர், ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். அன்று இரவு அம்மா போர்வை கேட்டார்.

லேப்டாப் என்ன ஆனது?

அம்மா தெளிந்த பிறகுதான் அதன் நினைவே வந்தது. ஜன்னலோர மேஜையில் தொட முடியாத சூட்டில், அணைந்து கிடந்தது. கரண்ட் போனதும் பேட்டரியில் ஓடி, சூடு தாங்காமல் தானே நின்றிருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்கள் 35 டிகிரி வரை உள்ள அறைக்காகத்தான் தயாரிக்கப்படுகின்றன. ப்ராஸஸர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் சிஸ்டம் தானே அணைந்துவிடும். இது கோளாறு அல்ல, பாதுகாப்பு.

ஆறவிட்டு மாலையில் ஆன் செய்தேன். வேலை செய்தது. ஹார்ட் டிஸ்கில் பாதி போட்டோக்கள்தான் இருந்தன. கடைசி ஃபைல் திறக்கவே இல்லை. ஆனால் கேமரா கார்டில் எல்லாம் பத்திரமாக இருந்தன. காரணம், நான் 'கட்' செய்யவில்லை, 'காப்பி' செய்திருந்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். முக்கியமான ஃபைல்களை முதலில் காப்பி செய்யுங்கள். திறந்து பாருங்கள். பிறகு பழையதை அழியுங்கள்.

உங்கள் வீட்டில் பாருங்கள்

ஆர்.வி.யும் கம்ப்யூட்டர் கேபினட்டும் ஒரே ஜாதி. இரண்டும் சின்னப் பெட்டி. உள்ளே சூடு உண்டாகும். அதை வெளியேற்ற ஒரு வழி வேண்டும்.

* கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்கும் அறைக்குக் கதவு இருந்தால் திறந்தே வையுங்கள். பின்பக்க ஃபேனுக்கும் சுவருக்கும் இடையே நாலு விரற்கடையாவது இடம் விடுங்கள்.
* ஓடும் கம்ப்யூட்டர் மேல் தூசி உறை போடாதீர்கள்.
* லேப்டாப்பை மெத்தையிலோ தலையணையிலோ வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். ஒரு பலகை மேல் வையுங்கள்.
* மேற்கு ஜன்னல் ஓரம் வேண்டாம். நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுச் செல்லவே வேண்டாம். பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.
* ஏர் கூலரின் ஈரக் காற்றை நேராகக் கம்ப்யூட்டர் மேல் திருப்பாதீர்கள்.
* யூபிஎஸ் பேட்டரிக்கு 25 டிகிரிதான் இதமான சூடு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.
* சூட்டை அளந்து பார்க்க 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. சும்மா இருக்கும்போதே 70, 80 டிகிரி காட்டினால் தூசி அடைத்திருக்கலாம். கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. லேப்டாப்புக்குத் தானே அணைந்துகொள்ளத் தெரியும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் "கரண்ட் வந்துரும்" என்று உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டு மெயின் போர்டு எங்கே இருக்கிறது, டிரிப் ஆனால் எதைத் தூக்கிவிட வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று இன்றே அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நாங்கள் அன்று செய்யத் தவறியதும் அதுதான்.