உஷார்! ஃபியூஸ் காப்பாற்றாது, கறுப்பு வயரைப் பாருங்கள்

நாகலூர், ஏற்காடு பக்கம் கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். வண்டியோடு வந்த பாட்டு செட்டைக் கழற்றிவிட்டு வெளியே வாங்கிய செட்டை மாட்டியிருக்கிறீர்களா? அதன் கறுப்பு வயர், அதாவது எர்த், எங்கே போய் முடிகிறது என்று யாராவது பார்த்தீர்களா? டேஷ்போர்டுக்குப் பின்னால் கைக்கு எட்டிய ஒரு ஸ்க்ரூவில் பெயின்டின் மேலேயே முறுக்கிவிட்டிருந்தால், அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்காதீர்கள்.

"கோளாறு என்றால் ஃபியூஸ் போய்விடுமே" என்பார்கள். போகாது! கரண்ட் அளவு மீறினால்தான் ஃபியூஸ் போகும். லூஸான எர்த்தில் நடப்பது நேர்மாறு. தடை கூடுகிறது, கரண்ட் குறைகிறது, ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். முழுச் சத்தத்தில் செட்டு 8 ஆம்பியர் இழுக்கிறது, துருவேறிய முனையில் 0.3 ஓம் தடை இருக்கிறது என்றால், அந்த ஒரு புள்ளியில் 2.4 வோல்ட் விழுகிறது. கிட்டத்தட்ட 19 வாட் சூடு. செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சூடேற்றி டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவே செருகி வைத்திருப்பதற்குச் சமம் இது.

எர்த் சுத்தமாக அறுந்துவிட்டால் இன்னும் மோசம். கரண்ட் சும்மா இருக்காது, திரும்பிப் போக வேறு வழி தேடும். ஆன்டெனா கேபிளின் மேல்வலை பாடியைத் தொடுகிறதல்லவா, அதன் வழியே போகும். தனி ஆம்ப் வைத்திருந்தால், செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவே ஓடும் மெல்லிய ஆடியோ கேபிளின் மேல்வலை மாட்டிக்கொள்ளும். பாட்டின் சிக்னலைக் கொண்டுபோக வந்த வயர் அது. அதில் ஆம்பின் மொத்தக் கரண்டும் ஓடினால் உருகும், செட்டின் உள்போர்டையும் சேர்த்துக் கருக்கும்.

சமவெளியில் நாலைந்து வருஷம் தாக்குப்பிடிக்கும் அரைகுறை வேலை, சேர்வராயன் மலையில் அவ்வளவு நாள் தாங்காது. மழையும் பனிமூட்டமும் போல்ட்டுக்கு அடியில் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தோட்டத்துப் பாதையின் குலுக்கல் முறுக்கைத் தளர்த்துகிறது. வண்டி சொல்லத்தான் செய்கிறது, நாம்தான் கேட்பதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரோடு கூடவே ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ஸ்பீக்கரில் வருகிறதா? அது ஆல்டர்னேட்டரின் சத்தம், பெரும்பாலும் எர்த் கோளாறால் உள்ளே நுழைவது. சத்தம் கூட்டினால் செட்டு அணைந்து அணைந்து வருகிறதா? மூட்டத்தில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டதும் பாட்டு திக்குகிறதா? ஸ்பீக்கர் சரியில்லை என்று புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். வண்டியின் இரும்பு பாடியில் உறுதியான ஓர் இடத்தில், உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியச் செய்யுங்கள். வயர் முனையில் வளைய லக் வைத்து அழுத்தி, ஸ்டார் வாஷரோடு போல்ட்டில் இறுக்கி, மேலே கிரீஸோ பெயின்டோ தடவுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இந்தக் கடைசி வேலைதான் உயிர். வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஆம்புக்குத் தனி எர்த், பவர் வயரின் அதே தடிமனில். சீட் பெல்ட் போல்ட், ஏர்பேக் வயர்கள், ஸ்டியரிங் கம்பம் பக்கமே போகாதீர்கள். ஸ்பீக்கரின் மைனஸ் வயரை எர்த் என்று நினைத்துப் பாடியில் சேர்த்தால் செட்டு காலி.

பழைய தோட்ட ஷெட்டுகளில் 1950-களின் பிரிட்டிஷ் வண்டி நிற்கிறதா? கூடுதல் உஷார். அவற்றில் பல பாசிட்டிவ் எர்த், பாடியில் இருப்பது பிளஸ். இன்றைய செட்டை அப்படியே மாட்டினால் அன்றைக்கே அதன் கதை முடிந்தது.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும், ஒரு நிமிஷத்தில் உண்மை தெரியும். இன்ஜின் ஓடட்டும், பாட்டைச் சத்தமாக வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதைச் செட்டின் எர்த் இணைப்பிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அன்றே கழற்றிச் சரிசெய்யுங்கள்.

இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். வெளியே வாங்கிய செட்டைப் பாலிசியில் தனியாகச் சேர்க்காவிட்டால் அதற்குப் பணம் வராது. ஐஎம்டி 24 என்ற பிரிவு அதற்காகவே இருக்கிறது.

வளைவில் ஏறும்போது டேஷ்போர்டிலிருந்து கருகல் வாடை வந்தால், ஓரங்கட்டி சாவியை அணைத்து எல்லோரையும் இறக்குங்கள். சாவியை எடுத்தாலும் செட்டின் மஞ்சள் வயரில் கரண்ட் இருக்கும், மறந்துவிடாதீர்கள். வெறும் புகைதான் என்றால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். தீ தெரிந்தால் பானெட்டைத் திறக்காமல் விலகி நின்று 112-ஐக் கூப்பிடுங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் வெள்ளிக் காகிதம் சுற்றி வைத்திருப்பவர்கள், இதைப் படித்த கையோடு எழுந்துபோய் அதைப் பிடுங்கி எறியுங்கள்.