புறப்படத் தெரிந்த ஓஷின்

சின்னத்திரையின் சரித்திர நாயகிகள் – 7

ஒரு மூட்டை அரிசி. வடக்கு ஜப்பானின் யாமகாதா மலைக்கிராமம் ஒன்றில், ஏழு வயதுச் சிறுமியின் ஓராண்டு உழைப்புக்கு 1907-இல் பேசி முடித்த கூலி அது. பனி இன்னும் கரையாத மொகாமி ஆற்றில், மரக்கட்டைகளைப் பிணைத்த தெப்பத்தில் ஏற்றி அவளை மரக்கடை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். தெப்பம் நகர்கிறது. சிறுமி கதறுகிறாள். இந்தக் காட்சியைப் பார்த்து ஜப்பான் அழுதது. பிறகு ஈரான், சீனா, தாய்லாந்து, இலங்கை என்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அழுதன.

ஜப்பானின் பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., தொலைக்காட்சி தொடங்கிய 30-ஆம் ஆண்டையொட்டித் தயாரித்த தொடர் 'ஓஷின்'. 1983 ஏப்ரல் 4 அன்று தொடங்கி, 1984 மார்ச் இறுதிவரை காலை வேளையில் ஓடியது. ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், மொத்தம் 297 பகுதிகள். சராசரிப் பார்வையாளர் விகிதம் 52.6 சதவீதம். நவம்பர் 12 அன்று அது 62.9-ஐத் தொட்டது. ஜப்பானிய நாடகத் தொடர் எதுவும் இன்றுவரை அந்த உயரத்துக்குப் போனதில்லை. ஏழைகள் சோற்றில் முள்ளங்கியைக் கலந்து அளவைக் கூட்டிச் சாப்பிட்ட 'தைகோன் மேஷி' திடீரென்று எல்லோருடைய பேச்சிலும் வந்தது. கதையில் ஓஷினின் அம்மா வேலைக்குப் போகும் கின்சான் வெந்நீர் ஊற்று ஊருக்குச் சுற்றுலாக் கூட்டம் குவிந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: 'என்ன பொறுமை!' அரசியல்வாதிகளும் முதலாளிகளும் ஓஷினைச் சகிப்புத்தன்மையின் சின்னமாக்கினார்கள். தொடரை எழுதிய ஹாஷிதா சுகாகோவுக்கு இந்தப் பாராட்டு உவப்பாக இல்லை. வளம் வந்தபின் ஜப்பான் எதைத் தொலைத்தது என்று கேட்கத்தான் அவர் எழுதினார். தொடரை ஒழுங்காகப் பார்ப்பவர்களுக்கும் 'பொறுமைசாலி' என்ற பட்டம் பொருந்தாது. ஓஷின் பொறுத்துக்கொள்ளும் இடங்களில் கதை தேங்கி நிற்கிறது. அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் கதை பாய்கிறது.

முதல் புறப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். மகளை அரிசிக்கு அடகு வைப்பது தந்தை சாகுசோவின் முடிவு. சிறுமி மறுக்கிறாள், அடம்பிடிக்கிறாள். பிறகு ஒருநாள் உறையும் ஆற்றில் அம்மா ஃபுஜி நிற்பதைப் பார்க்கிறாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு போட வழியில்லாததால், குளிரில் நின்று கருவைக் கலைக்கப் பார்க்கிறாள் ஃபுஜி. பாட்டி நாகா தன்னால் ஒரு வாய்ச் சோறு வீண் என்று தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறாள். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஓஷின், தானே போவதாகச் சொல்கிறாள். காலைச் சிற்றுண்டி நேரத்து நிகழ்ச்சியில் இப்படியொரு காட்சியை வைக்க ஹாஷிதாவுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். ஃபுஜியாக நடித்த இசுமி பிங்கோ அதில் வசனத்துக்கு வேலையே வைக்கவில்லை.

மரக்கடையில் ஐம்பது சென் காசு ஒன்று காணாமல் போகிறது. பாட்டி மடியில் முடிந்து கொடுத்தனுப்பிய ஐம்பது சென் ஓஷினிடம் இருக்கிறது. திருடிப் பட்டம் கட்டுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடியவில்லை, வெளியே பனிப்புயல். இருந்தும் அவள் ஓடுகிறாள். பனியில் விழுந்து கிடப்பவளைக் காப்பாற்றுகிறவன், ரஷ்ய-ஜப்பான் போரிலிருந்து தப்பியோடி மலையில் மறைந்து வாழும் ஷுன்சாகு. எழுத்தறிவித்தவன் அவன்தான். யோசானோ அகிகோ என்ற பெண் கவிஞர் போருக்குச் சென்ற தம்பிக்காக 1904-இல் எழுதிய கவிதையையும் அவளுக்குச் சொல்லித் தருகிறான். அவளை ஊரில் கொண்டு சேர்க்க மலையிறங்கும்போது படையினர் அவனைச் சுட்டுக்கொல்கிறார்கள். இந்தச் சாவு கதையில் எங்கோ ஆழத்தில் கிடந்து, முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்துத் தலைதூக்கும்.

அடுத்து சகாதா துறைமுக ஊரின் அரிசி வணிகர் வீடான காகாயா. வீட்டின் மூத்தவள் குனி, வேலைக்காரச் சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து மணிச்சட்டத்தில் கணக்கும், நல்ல எழுத்தும், விருந்தினரை உபசரிக்கும் முறையும் கற்றுக்கொடுக்கிறாள். ஓஷினின் பிற்கால வியாபாரத்துக்கெல்லாம் முதல் இங்கேதான் கிடைக்கிறது. அதே வீட்டின் செல்ல மகள் காயோ, ஓஷினுக்குத் தோழி. காயோவுக்கு எல்லாம் இருந்தது. பிறகு குடும்பம் அரிசிச் சூதாட்ட வணிகத்தில் நொடித்துப்போய், அவள் டோக்கியோவின் விபசார விடுதியில் கிடந்து, குடித்தே சாகிறாள். அவள் பெற்ற பிள்ளை நோசோமியை வளர்ப்பது ஓஷின். ஒருத்தி கீழிருந்து மேலே, இன்னொருத்தி மேலிருந்து கீழே என்று இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இந்த அமைப்பு சற்றுச் செயற்கையானதுதான். காயோவின் வீம்பும் வாய்த்துடுக்கும் அதை மறக்கடித்துவிடுகின்றன.

பதினாறு வயதில் தந்தை ஓஷினைச் சாராயக் கடை வேலைக்குத் தள்ளப் பார்க்கிறான். பட்டாலையில் உழைத்துக் காசநோயில் மெலிந்து சாகும் அக்கா ஹாரு, தான் போக ஆசைப்பட்ட சிகையலங்காரக் கடையின் விலாசத்தைத் தங்கையிடம் தந்துவிட்டுக் கண்மூடுகிறாள். அம்மாவே வழியனுப்ப, ஓஷின் டோக்கியோவுக்கு ரயிலேறுகிறாள். அசகுசா பகுதியில் கடை வைத்திருக்கும் தாகா, முதலில் வேண்டாமென்று சொல்லிப் பிறகு ஏற்றுக்கொள்கிறாள். மரபான கொண்டை போட்ட தலைகளெல்லாம் மேற்கத்திய அலங்காரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. புதுப் பாணியைக் கைவரப்பெற்ற ஓஷின், வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே பெட்டியோடு போய் வாரிவிடுகிறாள். உணவகப் பணிப்பெண்களிடம் அவளுக்குப் பெயர் கிடைக்கிறது. தொழிலின் நுணுக்கத்தை இவ்வளவு அக்கறையோடு காட்டியதால்தான் இந்த நாயகி வெறும் கண்ணீர்ப் பாத்திரமாகச் சுருங்கவில்லை.

1923 செப்டம்பர் 1. பெருநிலநடுக்கம் டோக்கியோவை எரித்தது. ஓஷினும் கணவன் தானோகுரா ரியூசோவும் தேடிச் சேர்த்ததெல்லாம் சாம்பல். கைக்குழந்தையோடு தெற்கே சாகாவிலுள்ள கணவன் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே மாமியார் கியோ. தொடரின் மிக நீண்ட சித்திரவதைப் பகுதி இது. வயல் வேலை, ஏச்சு, தனிமை. வயிற்றுப் பெண்குழந்தை செத்துப் பிறக்கிறது. தப்ப முயன்றபோது பட்ட காயத்தில் வலது கை முடங்கி, தலைவாரும் தொழிலும் போகிறது. சாகா மாவட்டத்தார் தங்கள் ஊரைக் கேவலப்படுத்திவிட்டதாக என்.எச்.கே.வுக்குப் புகார் அனுப்பினார்கள். கியோவை அரக்கியாக மட்டும் பார்த்தவர்களின் கோபம் அது. கவனித்துப் பார்த்தால், அவளும் அந்த வீட்டின் சட்டங்களுக்குள் தன்னை நசுக்கிக்கொண்டு எழுந்தவள்தான். தான் பட்டதை மருமகளும் படவேண்டும் என்பதைத் தவிர வேறு நியாயம் அவளுக்குத் தெரியாது. தகாமோரி கசுகோ அந்தப் பாத்திரத்தில் ஒருநாளும் குரலை வீணாக உயர்த்தவில்லை, அதுதான் பயமுறுத்தியது. ஓஷினோ மகனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைவிட்டும் கிளம்பிவிடுகிறாள். கணவன் பின்னால் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

ஈராக்குடனான போரின் கடைசி ஆண்டுகளில் இந்தத் தொடர் ஈரானில் ஓடியது. பழைய துணிகள் விற்கும் சந்தைகளுக்கு அங்கே ஓஷினின் குடும்பப் பெயரையொட்டி 'தானாகுரா' என்றே பெயர் வைத்தார்கள். 1989 ஜனவரியில், நபிகள் நாயகத்தின் மகள் ஃபாத்திமாவின் பிறந்தநாளையொட்டிய வானொலி நிகழ்ச்சியில், உங்களுக்கு முன்மாதிரி யார் என்று கேட்டதற்கு ஒரு பெண் ஓஷினைச் சொன்னாள். அந்நாட்டுத் தலைவர் கொமேனி கொதித்தெழுந்தார். நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர்களைத் தண்டிக்க உத்தரவு போனது, பின்னர் மன்னிப்பும் வந்தது. பொறுமைக்கு இலக்கணமான ஒரு பெண்ணைப் பார்த்து ஆட்சிபீடம் எதற்கு அஞ்ச வேண்டும்?

வெளிநாட்டு ரசிகர்கள் பலரின் நினைவில் தெப்பமும் மாமியாரும்தான் நிற்கின்றன. ஆனால் ஹாஷிதாவின் எழுத்து மிகவும் கூர்மையாவது அதற்குப் பிறகு. இசே கடற்கரையில் மீன் வண்டி தள்ளி வீடுவீடாக விற்று, கணவனும் வந்து சேர, கடை வைத்து, குடும்பம் நிமிர்கிறது. போர் வருகிறது. ரியூசோ ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்துச் சம்பாதிக்கிறான், ஊர்ப்பிள்ளைகளைப் போருக்கு வழியனுப்புவதில் முன்னால் நிற்கிறான். ஷுன்சாகுவிடம் போரெதிர்ப்புப் பாடம் படித்த ஓஷின் அந்தப் பணத்தில்தான் வாழ்கிறாள். மூத்த மகன் யூ பிலிப்பைன்ஸ் போர்முனையில் மடிகிறான். 1945-இல் ஜப்பான் தோற்றதும் ரியூசோ தற்கொலை செய்துகொள்கிறான். தன் நாயகியைத் தூய பலியாளாக விட்டுவைக்க ஹாஷிதா மறுத்தது இங்கேதான். 1925-இல் பிறந்து, போரைத் தன் இளமையிலேயே பார்த்தவர் அவர். ஷோச்சிகு திரைப்பட நிறுவனத்தின் ஆண்கள் மட்டுமே இருந்த திரைக்கதைப் பிரிவில் நுழைந்தவர். மெய்ஜி காலத்தில் பிறந்த ஒரு பெண், தெப்பத்தில் வேலைக்குப் போன தன் கதையை எழுதிய கடிதம்தான் இந்தத் தொடருக்கு வித்து. அதை வைத்து எழுத அவர் முன்வந்தபோது, பிற தொலைக்காட்சி நிறுவனங்கள் எடுபடாது என்று கைவிரித்திருந்தன.

சிறுமி ஓஷினாக கோபயாஷி அயாகோவும், இளம்பெண் முதல் நடுவயதுவரை தனாகா யூகோவும், முதுமையில் ஒதோவா நோபுகோவும் நடித்தார்கள். ஒதோவாவின் பகுதிக்கு அதிகப் புகழ் கிடைக்கவில்லை. ஆனால் தொடர் உண்மையில் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1983-இல் பல கிளைகள் கொண்ட சூப்பர் மார்க்கெட் குடும்பத்தின் மூதாட்டியான ஓஷின், புதிய கிளை திறக்கும் நாளில் யாரிடமும் சொல்லாமல் காணாமல் போகிறாள். லாபத்தைத் தவிர எதையும் பார்க்காத மகன் ஹிதோஷி திறக்கும் அந்தக் கிளை, இக்கட்டான காலங்களிலெல்லாம் அவளுக்குக் கைகொடுத்த பழைய நண்பர் கோதாவின் குடும்பக் கடையை நசுக்கிவிடும். அப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தது யார் என்ற கேள்வியோடுதான் எண்பது தாண்டிய கிழவி, வளர்ப்பு மகன் நோசோமியின் பிள்ளை கெய்யைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தான் வேலைபார்த்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறாள். மரக்கடை, சகாதா, டோக்கியோ, சாகா. விடை அவளுக்குப் பிடித்ததாக இல்லை.

(அடுத்த வாரம்: கொரிய அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து அரச மருத்துவர் இடத்துக்கு உயர்ந்த ஜாங்-கும்)