மூன்று படிகள்

எனது புடைவைக் கடைக்கு முன்னால் மூன்று படிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம். மழை வெள்ளம் உள்ளே வராதிருக்க வாப்பா காலத்தில் கட்டியவை. முப்பது வருடங்களாக அவற்றில் ஏறி இறங்கிய எனக்கு, அவை யாரையாவது தடுக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் எங்களிடமே துணி எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. சீனி வருத்தத்தால் அவரது ஒரு காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. நானும் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்தேன். 'பாவம், இனி மனுசன் வீட்டோடுதான்' என்று மனதுக்குள் கணக்கை முடித்துக்கொண்டு திரும்பினேன்.

என் கணக்குப் பிழைத்தது. ஆறு மாதத்தில் மாஸ்டர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டு விறாந்தையில் கணித வகுப்பு ஆரம்பித்துவிட்டார். இரண்டு வருடங்களின் பின் மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க முச்சக்கர வண்டியில் வந்து இறங்காமல் வாசலில் நின்றார். கடைப் பையன்கள் புடைவைகளை வண்டிக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். நானும் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, சாமான எல்லாம் வெளிய கொண்டு வந்து காட்டுறீங்க, சந்தோஷம். ஆனா நான் கடைக்குள்ள வாரதுக்குத்தானே வந்த."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த நாட்களில்தான் ரால்ஃப் பிரவுன் என்ற அமெரிக்கரின் கதையை வாசித்தேன். 1940இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். தசைகள் நாளாக நாளாக வலுவிழக்கும் நோய் அவருக்கு இருப்பது ஆறு வயதில் தெரியவந்தது. பதினான்கு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தார். அடுத்த வருடமே தகப்பனுடன் சேர்ந்து மோட்டார் பூட்டிய சிறு வண்டி ஒன்றைச் செய்தார். இருபது வயதில் தனக்கென மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்றை உருவாக்கி அதிலேயே தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்தார்.

பின்னர் அந்தத் தொழிற்சாலை பல மைல் தூரத்துக்கு இடம் மாறியது. வேறொருவராக இருந்தால் வேலையை விட்டிருப்பார். பிரவுனோ தபால் விநியோகித்த பழைய ஜீப் ஒன்றை எடுத்து, கையாலேயே ஓட்டும்படி மாற்றினார். ஸ்கூட்டரோடு ஏறி இறங்கப் பின்புறத்தில் தூக்கி ஒன்றையும் பொருத்தினார். அதைப் பார்த்த மற்றவர்களும் தங்களுக்குக் கேட்டார்கள். 1963இல் சிறு அளவில் தொடங்கிய தொழில், 1972இல் அவர் வேலையை விட்டு முழுநேரமாக இறங்கியபோது பிரவுன் கம்பனியானது. 2013இல் அவர் காலமானபோது, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாகனங்களில் அது உலகம் அறிந்த பெயர்.

அவரது வாழ்க்கையின் திருப்பம் நோய் வந்த நாளல்ல என்றே எனக்குப் படுகிறது. குறை தன்னிடம் இல்லை, வண்டியில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்ட நாள்தான் அது. அவருடைய பொருளை எவரும் பரிதாபத்துக்காக வாங்கவில்லை. தேவைக்காகப் பணம் கொடுத்து வாங்கினார்கள்.

நமது நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பேசுகிறது. கட்டடங்களுக்குள் அவர்கள் பிரவேசிக்க வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஆனால் நமது கடைத்தெருக்களில் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

மேசன்பாஸை அழைத்தேன். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வைத்தால்தான் சாய்தளம் பாதுகாப்பானது. எனது 18 அங்குல உயரத்துக்கு 18 அடி வேண்டும். முன்னால் இடமில்லை. பக்கத்து ஒழுங்கையோரமாக, எங்கள் நிலத்திலேயே கட்டி, பக்கச் சுவரில் கதவு வைத்தோம். இன்று முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தை வண்டியோடு வரும் தாய்மார், துணிப் பொதி சுமக்கும் நாட்டாமைமார் என்று எல்லோரும் அந்த வழியால்தான் வருகிறார்கள்.

முதலில் வந்தவர் மாஸ்டர். பேரன் தள்ளி வந்தான். கடையைச் சுற்றிப் பார்த்தார், ரெண்டு சாரங்களை விரித்துப் பார்த்தார், விலை கேட்டார், கூட என்றார். "மற்றக் கடையிலயும் பார்த்துட்டு வாரன்" என்று சொல்லி ஒன்றும் வாங்காமலே போனார்.

எனக்கு அன்று நட்டமில்லை. விரும்பினால் வாங்கவும் விரும்பாவிட்டால் திரும்பிப் போகவும் முடிந்தவரே வாடிக்கையாளர்.

ஆனால் மற்றக் கடையில் நான்கு படிகள். பத்து நிமிடத்தில் மாஸ்டர் திரும்பி வந்துவிட்டார். அந்த வியாபாரம் எனக்குக் கிடைத்தது. சகோதர வர்த்தகர்களே, உங்கள் படிகளை ஒருமுறை அளந்து பாருங்கள்.