ஹெரால்டின் ஸ்டியரிங்குக்குள் எட்டிப் பார்த்தோம்!

பானெட்டைத் தூக்கியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பானெட் என்றால் வெறும் மூடி இல்லைங்க. மட்கார்டு, ஹெட்லைட்டோடு காரின் மூஞ்சி மொத்தமும் முன்பக்கம் கவிழ்கிறது! டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு பட்டறை. உள்ளே 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த இரண்டு கதவு ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த அழகு. இங்கிலாந்தில் 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், இந்த ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கிச் செய்ததுதான். பட்டறை மேஸ்திரியும் அந்த ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே சீட்டைத் தாழ்த்தி, ஸ்டியரிங்கையும் கீழே இறக்கிவிட்டார். இப்போது மேலே இருந்து வரும் ஷாஃப்ட்டும் கீழே இருக்கும் ஸ்டியரிங் ராக்கும் நேர்க்கோட்டில் இல்லை. இரண்டையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் அவ்வளவு சாய்வைத் தாங்காது.

கழற்றிய கப்ளிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்ணெயில் ஊறி, போல்ட் துளைகளைச் சுற்றி வெடித்திருந்தது. அதன் குறுக்கே ஒரு சின்ன ஒயர். எதற்குத் தெரியுமா? ஹாரனுக்கு! ரப்பரில் கரண்ட் பாயாது. அந்த ஒயர் வழியாகத்தான் ஹாரன் பட்டனுக்கு எர்த்து. என்ன ஒரு மூளை!

ரப்பருக்குப் பதில் நடுவில் ஒரு துண்டு ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் கிராஸ், அதாவது யுனிவர்சல் ஜாயிண்ட். சூட்சுமமே இங்கேதான். சாய்வாக நிற்கும் ஒற்றைக் கிராஸ் சீராகச் சுற்றாது. 30 டிகிரி சாய்வில், ஒரே சுற்றுக்குள் மறுமுனையின் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே இரண்டு முறை ஏறி இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஓரிடத்தில் லேசு, ஓரிடத்தில் கனம். இரண்டு கிராஸும் ஒரே அளவு சாய்ந்து, நடு ஷாஃப்ட்டின் இரு கவைகளும் ஒரே வரிசையில் நின்றால், ஒன்று கெடுத்ததை மற்றது சரிக்கட்டிவிடும்.

இதை விளக்கப்போன என்னை மேஸ்திரி கையமர்த்தினார். "லாரி ஜாயிண்ட்டுல ஒரு பல்லு தள்ளிப் போட்டாலே வண்டி கிடுகிடுன்னு ஆடுமுங்க. காருக்கு மட்டும் வேற கணக்குங்களா?" லாரி ஓடும் ஊருக்கு இதெல்லாம் பாலபாடம். ஸ்போர்ட்ஸ் கார் வேலைக்கு வெளிநாட்டைப் பார்ப்பவர்கள் இந்த ஷெட்டுக்குள் ஒரு முறை வரவேண்டும்!

நடு ஷாஃப்ட் சேலத்து லேத்தில் கடைந்து வந்தது.

"ஏன் மாமா, வெல்டு வெச்சுட்டா சுளுவா முடிஞ்சிருமே?" என்றான் பையன்.

"உசுரு இருக்குது கண்ணு இதுல" என்று முடித்துவிட்டார் மேஸ்திரி.

வெல்டுக்குப் பதில் அவர் செய்ததைக் கிட்டே குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட்டின் பற்களுக்குக் குறுக்கே அரைவட்டப் பள்ளம். கவையை இறுக்கும் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் நுழைகிறது. நட்டு தளர்ந்தாலும் போல்ட் உள்ளே இருக்கும்வரை ஷாஃப்ட் உருவி வராது. சேஸிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை. ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021இல் வந்த 'விஏ' பதிவுக்கு சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த நினைப்பு அவருக்கு முதலிலிருந்தே இருந்தது. கழற்றியவை எல்லாம் ஒரு டப்பாவில் பத்திரம்.

சோதனை ஓட்டத்துக்குக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஒரு வளைவிலும் ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரவில்லை. ரப்பர் போனதால் குழியின் அதிர்வு முன்பைவிடக் கூடுதலாகக் கைக்கு வருகிறது. ஆனால் நினைத்த கணத்தில் சக்கரம் திரும்புகிறது. எனக்கு இந்தப் பேரம் சம்மதம்.

அடிவாரத்துக்கு வந்ததும் மேஸ்திரி எடுத்தது டீ அல்ல, ஸ்பேனர். இரண்டு போல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த ஞாயிறு ஏற்காடு!