நெக்கார் நதிக்கரையில் ஒரு நாடக உலா

மாலை மயங்கும் நேரம். கற்கள் பாவிய பழைய சதுக்கம் ஒன்றில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். நீண்ட கறுப்பு அங்கியும், கையில் விளக்கும், இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒருவர் உங்கள் முன் வந்து, "நேற்று நள்ளிரவில் கூச்சலிட்டு ஊரைக் கெடுத்தது உங்களில் யார்?" என்று அதட்டுகிறார். திடுக்கிடாதீர்கள். அவர் காவல் அதிகாரி அல்லர். உங்கள் சுற்றுலா வழிகாட்டி. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பல்கலைக்கழகச் சேவகராக வேடமிட்டு வந்திருக்கிறார். அடுத்த ஒன்றரை மணி நேரத்திற்கு நீங்களும் வெளியூர்ப் பயணி அல்லர். கண்டிக்கப்பட வேண்டிய ஒரு குறும்புக்கார மாணவர்!

ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில், நெக்கார் நதியின் கரையில் அமைந்த ஹைடல்பர்க் நகரம் இது. 1386ஆம் ஆண்டில் முதலாம் ரூப்ரெக்ட் என்னும் சிற்றரசர் இங்கு நிறுவிய பல்கலைக்கழகமே இன்றைய ஜெர்மனியில் மிகப் பழமையானது. இத்தகைய பழைய கல்வி நகரங்களில், ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் ஒப்பிக்கும் வழிகாட்டிகளோடு, இரவுக் காவலராகவும் பணிப்பெண்ணாகவும் மாணவராகவும் வேடம் புனைந்து, தெருத் தெருவாக நடத்திச் சென்று வரலாற்றை நடித்துக் காட்டுவோரும் உள்ளனர். அப்படியொருவரின் பின்னே சற்று நடந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அவர் உங்களை முதலில் இட்டுச் செல்வது சிறைச்சாலைக்கு. ஆம், மாணவர் சிறைச்சாலை! அக்காலத்தில் மாணவர்களை விசாரிக்கும் அதிகாரம் நகர நீதிமன்றத்திடம் இல்லை. பல்கலைக்கழகமே குற்றம் விசாரித்துத் தண்டனை வழங்கியது. 1778 முதல் 1914 வரை பயன்பட்ட அச்சிறை, பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தின் பின்புறம் இன்றும் இருக்கிறது. இரவில் அமைதியைக் குலைத்தல், குடித்துக் கலகம் செய்தல், அதிகாரிகளை இகழ்தல், வாட்போர் புரிதல் ஆகியவை அங்கே அனுப்பப் போதுமான குற்றங்கள். தண்டனை ஒரு நாளாகவும் இருக்கும். நான்கு வாரங்களாகவும் நீளும். தொடக்க நாட்களில் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே. ஆனால் வகுப்புக்குச் செல்லத் தடையில்லை. பாடம் முடிந்ததும் சிறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

தண்டனை என்று பெயரே தவிர, மாணவர்களுக்கு அது ஒரு விருதாகிவிட்டது. ஒருமுறையேனும் அங்கே அடைபடாமல் படிப்பை முடிப்பது குறைவு என்று கருதியவர்களும் உண்டு. அறைகளுக்கு அரண்மனைப் பெயர்களைச் சூட்டினார்கள். கழிப்பறைக்கு 'சிம்மாசன மண்டபம்' என்று பெயர்! சுவரும் கூரையும் தெரியாதபடி, மெழுகுவர்த்திக் கரியாலும் வண்ணத்தாலும் தங்கள் பக்கவாட்டு முகங்களையும் பெயர்களையும் தீட்டி வைத்தார்கள். 1878இல் இங்கு வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தண்டனைக்கு அழைக்க வரும் சேவகரிடம் இன்று வசதிப்படாது என்று மாணவர் சொன்னால் வேறு நாள் குறித்துக்கொள்ளலாம் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். நம் மத்ரஸாக்களில் உஸ்தாதுமாரின் பிரம்பை அறிந்தவர்களுக்கு இது கதைபோலவே தோன்றும்.

சிரித்துக்கொண்டே வெளியே வருகிறோம். சிரிப்பு நல்லதே. எனினும் இத்தகைய நாடக உலாவில் ஒரு குறை இருக்கிறது. நடிப்பதற்கு வசதியானவை முன்னே வந்து நிற்கின்றன. நடித்துக் காட்ட முடியாதவை பின்தங்கிவிடுகின்றன. ஆகவே வழிகாட்டி சற்று விரைவாகக் கடக்கும் இடங்களில் நீங்கள் நிதானித்து நில்லுங்கள்.

சந்தைச் சதுக்கத்தில் உள்ள பரிசுத்த ஆவி தேவாலயம் அத்தகைய ஓர் இடம். ஒரே கூரையின் கீழ் கத்தோலிக்கருக்கு ஒரு பகுதி, புராட்டஸ்டண்டுகளுக்கு ஒரு பகுதி என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவே ஒரு சுவரை எழுப்பினார்கள். அச்சுவர் நிரந்தரமாக அகற்றப்பட்டது 1936இல்தான்! சிறு சிறு மஸாயில்களுக்காக ஒரே மஹல்லாவில் இரண்டு ஜமாஅத் வைத்துக்கொள்ளும் நாம் இதைக் கேட்டு வியப்பதற்கில்லை.

இதே தேவாலயத்தின் மாடங்களில்தான் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த நூலகங்களுள் ஒன்று இருந்தது. 'பாலட்டினா' என்று அதற்குப் பெயர். 1622இல், முப்பதாண்டுப் போரின்போது, கத்தோலிக்கப் படை நகரைக் கைப்பற்றியது. வெற்றி பெற்ற பவேரிய மன்னர், நூலகத்தைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அளித்துவிட்டார். சுமை குறைய வேண்டும் என்பதற்காகப் பல நூல்களின் அட்டைகளைக் கழற்றி எறிந்தார்கள். கையெழுத்துப் பிரதிகள் மட்டும் ஏறத்தாழ 3,500. கோவேறு கழுதைகளின் முதுகில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அவை ரோமாபுரிக்குச் சென்றன. 1816இல் 847 ஜெர்மன் கையெழுத்துப் பிரதிகள் திரும்பி வந்தன. பெரும்பகுதி இன்றும் வத்திக்கானில் இருக்கிறது. 1258இல் மங்கோலியர் படையெடுப்பில் பாக்தாத் இழந்த நூல்களை எண்ணிப் பெருமூச்செறியும் நமக்கு, ஹைடல்பர்க்வாசிகளின் ஏக்கம் விளங்காமற்போகாது.

நூல்கள் என்றதும், நாம் புறப்பட்ட பல்கலைக்கழகச் சதுக்கமே நினைவுக்கு வருகிறது. இந்த நூலகத்தைப் பறித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1933ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அந்தச் சதுக்கத்தில் நூல்களைத் தீயிலிட்டவர்களோ, அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். நாஜிகளின் ஆட்சி தொடங்கிய அந்த ஆண்டிலேயே யூத வம்சத்தில் பிறந்த ஆசிரியர்களை வெளியேற்றும் பணியும் தொடங்கிவிட்டது. 1931இல் அமெரிக்க நன்கொடையால் எழுந்த புதிய பல்கலைக்கழகக் கட்டடத்தின் முகப்பில், 'உயிருள்ள சிந்தைக்கு' என்னும் பொருள்பட ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அதை வகுத்தளித்தவர் பேராசிரியர் ஃப்ரீட்ரிக் குண்டோல்ஃப். அவரும் ஒரு யூதர். நாஜிகள் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள்: 'ஜெர்மானியச் சிந்தைக்கு.' போர் முடிந்தபின் பழைய வாசகமே மீண்டும் இடம்பெற்றது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு இதை எப்படி நடித்துக் காட்டுவது?

மலைமீது சிதைந்து நிற்கும் கோட்டைக்கும் அழைத்துச் செல்வார்கள். 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படைகள் அதைத் தகர்த்தன. அங்குள்ள இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் மதுப் பீப்பாயைக் காணக் கூட்டம் முண்டியடிக்கும். நமக்கு அதனிடம் யாதொரு வேலையும் இல்லை. கோட்டைத் தோட்டத்தில் சற்று அமருங்கள். மகாகவி கெதே 1815 செப்டம்பரில் இங்கே உலாவினார். பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைகளை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்து உள்ளம் பறிகொடுத்து, கிழக்கும் மேற்கும் கைகோக்கும் 'திவான்' ஒன்றை அவர் இயற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்நூல் 1819இல் வெளிவந்தது.

அந்தத் திவானுக்குக் கிழக்கிலிருந்து மறுமொழி வர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மறுமொழி தந்தவர் வாழ்ந்த இல்லம் இந்நகரிலேயே இருக்கிறது. ஆனால் வேடமிட்ட வழிகாட்டிகளின் உலா பெரும்பாலும் பழைய நகரின் எல்லைக்குள் முடிந்துவிடும். அவரிடம் விடைபெற்று, 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையே தகர்த்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்ட பழைய பாலத்தைக் கடந்து வடகரைக்கு வாருங்கள். இடப்புறம் திரும்பி நதியை ஒட்டி நடந்தால், நொய்யன்ஹைமர் சாலையில் 58ஆம் எண் இல்லம். சுவரில் ஒரு பலகை. அல்லாமா முஹம்மது இக்பால் (ரஹ்) 1907இல் இங்கு வாழ்ந்தார் என்று அது கூறுகிறது.

லாகூரில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர்; கேம்பிரிட்ஜில் தத்துவம் பயின்றவர்; வயது இருபத்தொன்பது. பாரசீகத்தில் மெய்யியலின் வளர்ச்சியைப் பற்றி மியூனிக் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ஆய்வுக்காக, வாய்மொழித் தேர்வை ஜெர்மன் மொழியில் சந்திக்க வேண்டியிருந்தது. அதற்காகவே 1907 கோடையில் இங்கு வந்து, மாணவர் விடுதியில் தங்கி, எம்மா வேகனாஸ்ட் என்னும் ஆசிரியையிடம் அரிச்சுவடியிலிருந்து ஜெர்மன் பயின்றார். சொந்த நாட்டில் ஆசிரியராகப் போற்றப்பட்டவர், அந்நிய மண்ணில் மொழிப் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் மாணவராக அமர்ந்தார். அவ்வாண்டே டாக்டர் பட்டம் பெற்று, 1908இல் தாயகம் திரும்பினார். கெதேயின் திவானுக்கு மறுமொழியாக அவர் பாரசீகத்தில் இயற்றிய 'பயாமே மஷ்ரிக்' 1923இல் வெளிவந்தது.

ஹைடல்பர்க் அவரை மறக்கவில்லை. நதிக்கரைச் சாலை ஒன்றின் ஒரு பகுதிக்கு 'இக்பால் கரை' என்று பெயரிட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் 1962இல் நிறுவப்பட்ட தெற்காசிய ஆய்வு நிலையத்தில் உருதுவோடு நம் தமிழும் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இருட்டத் தொடங்கிவிட்டது. எதிர்க்கரையில் கோட்டையின் விளக்குகள் நீரில் நடுங்குகின்றன. நகரத்தின் ஆரவாரம் இங்கே எட்டவில்லை. நெக்கார் கரையில் இப்படியொரு மாலையைப் பற்றி இக்பால் உருதுவில் ஒரு சிறு கவிதை எழுதினார். 1924இல் வெளியான 'பாங்கே தரா' தொகுப்பில் அது இருக்கிறது. நிலவும் மரங்களும் நதியும் ஓசையடங்கி நிற்கும் நேரத்தில், தன் நெஞ்சையும் அமைதியுறச் சொல்லும் கவிதை அது.