ஊவாவின் வரலாற்றுச் சின்னங்கள்

இலங்கையின் தென்கிழக்கே, பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்டு விளங்குவது ஊவா மாகாணம். மலையெழிலையும் அருவிகளையும் காண இங்கு வருவோர் பலர். வரலாற்றைக் காண வருவோர் சிலரே. அருணகிரிநாதர் திருப்புகழிற் பாடிய கதிர்காமம் இம்மாகாணத்தின்கண் உள்ளது என்பதை அடியாருள்ளும் பலர் நினைப்பதில்லை. இங்குள்ள சின்னங்களைக் கால முறைப்படி நோக்குவோர், எவர் பெயர் கல்லில் நின்றது, எவர் பெயர் நில்லாது போயிற்று என்பதையும் உடன் உணர்வர்.

பதுளை நகரிலுள்ள முத்தியங்கனை விகாரையைத் தேவநம்பிய தீசன் காலத்தது எனப் பௌத்த மரபு கூறும். நகரின் பெயரையே தாங்கி நிற்கும் பதுளைத் தூண் கல்வெட்டோ பத்தாம் நூற்றாண்டினது. மகியங்கனைப் பகுதியில், சொரபொரக் குளத்தின் அயலிலே கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட இச்சிங்களக் கல்வெட்டு, ஹோபிடிகம என்னும் சந்தையூரைப் பற்றியது. அதிகாரிகள் முறைதவறிப் பொருள் கவர்வதாக அவ்வூர் வணிகரும் குடிகளும் மன்னனிடம் முறையிட்டனர். அவர்களைக் காக்கும் விதிகளை மன்னன் கல்லிற் பொறிப்பித்தான். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே குடிகளின் முறையீடு கல்லேறியமை எண்ணி மகிழ்தற்குரியது.

மாகாணத்தின் தென்பகுதியில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள புதுருவகலையிலே ஒரே பாறையில் ஏழு உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. நடுவே நிற்கும் புத்தர் உருவம் ஏறத்தாழ 51 அடி உயரமுடையது. உடன் காணப்படும் அவலோகிதேசுவரர், தாரை ஆகியோரின் உருவங்கள், மகாயான பௌத்தம் ஒருகாலத்தில் இத்தீவிற் பரவியிருந்தமைக்குச் சான்று பகர்கின்றன. இதே வெல்லவாயப் பகுதியைச் சார்ந்த ரந்தெனிவெலயில், 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கண்டியர் படையிடம் தோற்று உயிர் துறந்தான்.

1817ஆம் ஆண்டில் ஊவா, வெல்லஸ்ஸைப் பகுதிகளில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்குமாறு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலத் திசாவை கிளர்ச்சியாளருடனேயே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. எடின்பரோ நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது மண்டையோடு 1954இல் நாடு திரும்பிக் கண்டியில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றது. துரோகி எனப்பட்டவர் வீரர் எனப் போற்றப்பட்டார். வரலாறு தன் பிழையைத் திருத்திக்கொள்ளவும் வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கிளர்ச்சி ஒடுங்கிய பின்னர் மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. இத்தீவில் கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேயே. அதன்பின் கோப்பியின் இடத்தைத் தேயிலை கொண்டது. பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் கோப்பிக் காலத்துச் சின்னம். அது 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பர்.

1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உருக்கின்றிக் கட்டப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலமும், பாதை வளைந்து சுழன்று நிலையத்தின் கீழேயே சுரங்கவழியாய்ச் செல்லும் தெமோதரை வளைவும் பொறியியல் திறனுக்கு எடுத்துக்காட்டுகள். அப்புத்தளையை அடுத்த டம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியில், தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் அமர்ந்து நோக்கிய இடம் இன்றும் லிப்டன் சீட் என வழங்குகின்றது.

துரை அமர்ந்த இடத்திற்குப் பெயருண்டு; யானை வேட்டையாடியவருக்குக் கோயிலுண்டு. தென்னிந்தியாவினின்று கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே கால்நடையாய் வந்து, இம்மலைகளைத் தோட்டங்களாக்கியோருக்கோ லய அறைகளும் மாரியம்மன் கோயில்களுமே சின்னங்கள். அவையும் நிலையானவை அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சென்றோருடன் தோட்டங்களின் நினைவுகளும் சென்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்கள் மக்களோடு மண்ணுள் மறைந்தன.

ஆதலின், ஊவாவைக் காணச் செல்லும் மாணவர் பாலத்தையும் பாறையையும் கண்டதோடு திரும்புதல் போதாது. தொழிலாளர் தம் தோட்டங்களுக்கு இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்கள், கோயில்களிற் பொறிக்கப்பெற்ற உபயகாரர் பெயர்கள், முதியோர் நினைவிலுள்ள ஊர்ப் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவருதல் வேண்டும். ஹோபிடிகமக் குடிகளின் குரல் நம் காதுக்கு எட்டியது ஒருவர் அதனை எழுதிவைத்தமையால். இம்மலை மக்களின் குரலும் அவ்வாறே எழுதப்படுதல் கற்றோர் கடனாகும்.