பிடித்தம்: சாகுபுரம் சாலையில் லாரிப் பெயர்களை வாசித்தல்

“ஒங்களுக்குப் பிடித்தமான வண்டி எது அண்ணாச்சி?”

சாகுபுரம் ஆலை வாசலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் டீக்கடையில், உப்பு லாரி ஓட்டுகிற ஒருவரிடம் இப்படிக் கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எந்தப் பிடித்தத்தக் கேக்கிய? போன நடையில டீசல் கூடப் போயிட்டுன்னு எம் படியில பிடிச்சாவளே, அதையா?” பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விருப்பத்துக்கும் கூலியில் கழித்துக்கொள்வதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ‘லாரி டிரைவர்களுக்குப் பிடித்த வண்டிகள்’ என்று ஒரு பட்டியல் போட உட்காரும் யாரும் அந்தச் சொல்லின் இரண்டாவது பொருளைத் தாண்டிப் போய்விட முடியாது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. லாரியை வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர். வாங்காதவரின் விருப்பம் எங்கே பதிவாகிறது?

ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி எழுதியிருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். கண்காட்சியில் நிற்கும் காரைக் கூட்டம் தொட்டுப் பார்ப்பதிலிருந்து ஒரு நவீனத் தொன்மத்தை அவர் கட்டவிழ்க்கிறார். அந்த வாசிப்பு காருக்குச் சரி. நம் ஊர் லாரிக்கு அது பொருந்தாது. ஏனென்றால் நம் லாரி தொழிற்சாலையிலிருந்து முகமே இல்லாமல்தான் வெளியே வந்தது. இதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஊர்.

சாகுபுரம் என்பதே ஒரு முதலாளிக் குடும்பத்தின் பெயர். 1950களின் இறுதியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் காஸ்டிக் சோடா ஆலையை இங்கே நிறுவியபோது, சாகு ஜெயின் குடும்பத்தின் ‘சாகு’ ஊர்ப் பெயராயிற்று. ஒரு பக்கம் ஆறுமுகநேரி, ஒரு பக்கம் காயல்பட்டினம். உப்பு இங்கேயே விளைகிறது. தூத்துக்குடித் துறைமுகம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கொற்கையும் பழையகாயலும் முத்துக்குப் பேர்போன காலத்தில் கடல் வழியாகப் போன சரக்கு, இப்போது முக்காணி பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து சக்கரத்தில் போகிறது.

லாரிகளின் வரலாற்றை வாசிக்க இந்தச் சாலை ஏன் தோதானது என்றால், காரணம் உப்பு. உப்பு இரும்பைத் தின்னும். சேசிஸ், லீஃப் பிளேட்டு, பாடியின் தகடு என்று ஈரத்தோடு சேர்ந்து எல்லாவற்றையும் அரிக்கும். ஆகவே புது வண்டியை உப்பு நடைக்கு விட முதலாளிக்கு மனசு வராது. வேறு சரக்கில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடித் தேய்ந்தது, இரண்டு மூன்று கை மாறி உப்பளத்துக்கு வரும். வேறு சாலைகளில் வழக்கொழிந்த மாடல்களை நான் இங்கேதான் கடைசியாகப் பார்த்திருக்கிறேன். அருங்காட்சியகம் என்று சொல்லலாம். என்ன, காட்சிப்பொருள்கள் தலைக்கு மேல் பாரம் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

பழையவர்கள் பேச்சில் முதலில் வருவது பார்கோ, டாட்ஜ், பெட்போர்ட். அதற்கும் முந்தி ஃபோர்டு, செவர்லே. இந்தப் பெயர்கள் வந்ததும் போனதும் டிரைவரின் ருசியால் அல்ல, டெல்லியின் முடிவால். 1953இல் கட்டணக் குழு (டாரிஃப் கமிஷன்) அறிக்கை வந்தது. பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பது மட்டும் கூடாது, படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும் என்றாயிற்று. பம்பாயில் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும், சென்னையிலும் பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் கடையைக் கட்டின. எஞ்சியவற்றில் பிரீமியர் நிறுவனம் அமெரிக்கக் கிரைஸ்லரின் லாரிகளை டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயரில் விற்றது. மூன்றும் ஏறக்குறைய ஒரே வண்டி! ‘டாட்ஜ விட பார்கோதான் நல்லா இழுக்கும்’ என்று சத்தியம் செய்கிற முதியவரை நான் மறுத்துப் பேசியதில்லை. ஒரே பொருளுக்குள் வித்தியாசத்தை உற்பத்தி செய்வது பின்னமைப்பியல்வாதிகளுக்கு முன்பே டெட்ராய்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

1954இல் டெல்கோ (2003 முதல் டாட்டா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம். 1969இல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் போய் அந்த இடத்தில் ‘டி’ என்ற எழுத்து வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பின்னும் வெகுகாலம் அது ‘டாட்டா பென்ஸ்’தான். உரிமம் காலாவதியாகலாம், நாக்கில் ஏறிய பெயருக்கு ஒப்பந்தத் தேதி கிடையாது.

மற்றொரு பக்கம் எண்ணூர். ஆஸ்டின் கார் பூட்ட 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மகன் பெயர் அசோக். 1955இல் லேலண்ட் பங்கு எடுத்ததும் அசோக் லேலண்ட். இங்கிலாந்து லங்காஷயரின் பெயரிடும் பழக்கமும் கூடவே கப்பலேறி வந்தது: காமெட், பீவர், ஹிப்போ, பிற்பாடு டாரஸ். வால்நட்சத்திரம், நீர்யானை, ரிஷபம். பீவர் என்ற விலங்கை இந்தக் கரையில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் ‘பீவர் ஓட்டுனவன்’ என்பது ஒரு காலத்தில் ஒருவரின் மரியாதையைக் கூட்டிய அடைமொழி.

இதில் டாரஸின் கதை தனி. 1980ஐ ஒட்டி வந்த பல அச்சு லாரிக்கு லேலண்ட் வைத்த மாடல் பெயர் அது. இன்று தென் மாவட்டங்களில் பத்துச் சக்கரமோ பன்னிரண்டு சக்கரமோ கொண்ட எந்தக் கம்பெனி டிப்பரும் டாரஸ்தான். டாட்டா செய்தாலும் டாரஸ், பாரத்பென்ஸ் செய்தாலும் டாரஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் பாறையும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போவதை எதிர்த்து நடந்த போராட்டங்களில் ‘டாரஸ் லாரி’ என்பது ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. வியாபாரப் பெயர் வகைப்பெயராகி, பின் குற்றச்சாட்டாக மாறிய விதம் மொழியியல்காரர்கள் கவனிக்க வேண்டியது. நம் தோழர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அந்த வசை போய் விழுவது யார் மேல்? குவாரி குத்தகைதாரர் மேலல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மேல். மறித்த கூட்டத்தின் முன் கீழே இறங்கி நிற்பவர் அவர்தான்.

டாட்டா விலங்குகளை நாடவில்லை. எண்ணை எழுதியது. 1210 என்றால் முன்பாதி வண்டியும் பாரமும் சேர்ந்த எடை, ஏறத்தாழ 12 டன். பின்பாதி குதிரைத்திறன், பத்தால் வகுத்தது. 1612, 2515 எல்லாம் இப்படித்தான். பிற்பாடு லேலண்டும் இந்த வழிக்கே வந்தது. கொஞ்சம் யோசித்தால், இந்த எண்ணில் முதலில் நிற்பது இயந்திரத்தின் குணமல்ல, சட்டம். ஒரு அச்சு எவ்வளவு தாங்கலாம் என்று அரசு சொல்வதுதான் வண்டியின் பெயராக எழுதப்படுகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆயிற்று. அதன்பின் 25இல் தொடங்கிய மாடல் பெயர்கள் 28இல் தொடங்கலாயின. அதே ஆண்டில் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் எடுக்கப்பட்டது. பாரம் கூடிற்று, ஆள் குறைந்தது. வண்டியின் நெற்றியில் எழுதப்பட்டது முதலாவது மட்டும்.

இனி அந்த நித்திய விவாதம்: டாட்டாவா லேலண்டா? எங்கள் டீக்கடையில் இது திராவிட இயக்கத்தைவிட அதிகம் விவாதிக்கப்பட்ட விஷயம். லேலண்ட் கட்சி சொல்வது: அடிவேகத்தில் இழுவை, பாரத்தோடு செங்கோட்டை தாண்டிப் புளியரை மலை ஏறும்போது திணறாது, சேசிஸ் உறுதி. (பழைய லேலண்ட் என்ஜின்களை 370, 680 என்பார்கள், கொள்ளளவு கன அங்குலத்தில். 680 என்பது 11 லிட்டருக்குச் சற்று மேல். டாட்டா 1210இன் என்ஜின் ஐந்து லிட்டருக்கும் குறைவு.) டாட்டா கட்சி சொல்வது: டீசல் குறைவாகக் குடிக்கும், ஸ்பேர் எந்தப் பட்டிக்காட்டிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

நான் பல வருஷம் இதை ரசிகர் சண்டை என்றே எண்ணியிருந்தேன். அந்த அண்ணாச்சி பிடித்தத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் காது திறந்தது. லேலண்ட் பிடிக்கும் என்றவர் பேசியது தன் தோளையும் காலையும் பற்றி: மலையில் எத்தனை தடவை கியரை இறக்க வேண்டும், கிளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்பதைப் பற்றி. டாட்டா பிடிக்கும் என்றவர் பேசியது தன் படியைப் பற்றி. ‘லிட்டருக்கு இவ்வளவு கிலோமீட்டர்’ என்று முதலாளி கணக்கு வைத்திருக்கிறார். அதற்குக் கீழே போனால் கழிப்பது டிரைவர் காசில். வழியில் வண்டி படுத்துவிட்டால் காத்துக் கிடக்கிற நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே ‘மைலேஜ்’, ‘ஸ்பேர் கிடைக்கும்’ என்பவை பொறியியல் தகுதிகள்போலத் தோன்றினாலும் டிரைவர் வாயில் அவை கூலிச் சொற்கள். உடம்பைக் காப்பாற்றுவதா, காசைக் காப்பாற்றுவதா என்பதுதான் விவாதம். கம்பெனிப் பெயர்கள் அதற்கு முகமூடி.

சொந்த வண்டிக்காரரே ஓட்டும் நாமக்கல், சங்ககிரிப் பக்கத்தில் இந்தப் பிளவு ஒரே ஆளுக்குள் நடந்திருக்கும். எங்கள் கரையில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

முகமில்லாமல் வந்த வண்டி என்றேனே, அதற்கு வருகிறேன். என்ஜின், சேசிஸ், முன்னால் ஒரு மூடி, அவ்வளவுதான் கம்பெனி தரும். எண்ணூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ அதை ஓட்டி வருகிறவர், தற்காலிகப் பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் வருவார். நெடுஞ்சாலையில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. பிறகு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டில் தச்சரும் தகட்டு ஆசாரியும் பெயிண்டரும் கேபின் கட்டுவார்கள். படுக்கைப் பலகை எவ்வளவு அகலம், ஜன்னல் எங்கே, காற்று எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாயிற்று. டிரைவர் கூடவே போய் நின்றிருந்தால் அவர் பேச்சும் கொஞ்சம் எடுபடும். லாரியின் வரலாற்றில் ஓட்டுகிறவரின் விருப்பம் மரத்திலும் தகட்டிலும் பதிவான இடம் அனேகமாக இது ஒன்றே.

இதைப் புனிதப்படுத்த வேண்டாம். என்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது முழங்காலை ஒட்டி இருந்தது. 1980களில் ஒரு மே மாதம் துறைமுகத்திலிருந்து சாகுபுரம் வரை அப்படியொரு கேபினில் வந்தேன். பழையகாயல் வருவதற்குள் என்ஜின் மூடி மேல் விரித்த சாக்கு சுட்டது. கிளீனர் பையன் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தான். பவர் ஸ்டியரிங் இல்லை. வளைவில் டிரைவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு முழுவதையும் போட்டுத் திருப்பினார். லேலண்ட் 1960களின் இறுதியிலேயே அதை அறிமுகம் செய்துவிட்டது. சாதாரணச் சரக்கு லாரிக்கு அது பொதுவாக வந்து சேரப் பல வருஷமாயிற்று. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. அந்த எட்டு மணியை என் கண்ணால் பார்த்ததில்லை.

1990களின் நடுவில் இவெக்கோ கேபினோடு லேலண்ட் கார்கோ, 1998இல் வோல்வோ, 2012இல் ஒரகடத்திலிருந்து பாரத்பென்ஸ். கம்பெனி கேபின் வந்தது. சீட்டு நிமிர்ந்தது, முதுகு தப்பித்தது. இளைஞர்களைக் கேட்டால் பாரத்பென்ஸ் என்கிறார்கள், காரணமாகச் சொல்வது சீட்டையும் சத்தக் குறைவையும். நியாயம்தானே.

ஆனால் கேபினோடு வேறொன்றும் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு, புகைக்குழாயில் சென்சார், டெஃப் திரவத்துக்குத் தனித் தொட்டி. அது தீர்ந்தாலோ சென்சார் தவறாகச் சொன்னாலோ வண்டியின் இழுவை தானாகக் குறையும். புகை குறைவது எல்லாருக்கும் நல்லது. அதில் எனக்கு மறுப்பில்லை. முன்பு டீசல் பைப்பில் காற்றுப் புகுந்தால் பம்பைக் கையால் அடித்து, திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிக் கிளம்பிவிடுவார்கள். அந்த அறிவு டிரைவரிடமிருந்து கிளீனருக்குக் கைமாறியது. கிளீனர் டிரைவரானது அப்படித்தான். இப்போது லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். கிளீனரும் இல்லை. அண்ணாச்சி கடைசியில் தன் பிடித்தத்தைச் சொன்னார்: “1612தான். எது ஒடைஞ்சாலும் என்ன ஒடைஞ்சிருக்குன்னு அது எங்கிட்டதான் சொல்லும். இப்ப உள்ளது மொதலாளி போன்ல போய்லா சொல்லுது.”

2025இல் புது லாரிகளின் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாயிற்று. உப்பு நடைக்கு அவை வந்து சேர இன்னும் பத்து வருஷம் ஆகும். ஆலைக்கு நிலக்கரி கொண்டுவந்த ஒன்று அன்றைக்கு டீக்கடை ஓரம் நின்றது. நல்ல மத்தியானம். உள்ளே ஆள் இல்லை. டிரைவர் வண்டிக்கு அடியில், பின் அச்சுகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்திருந்தார், இருபத்தைந்து வயதிருக்கலாம். ஏ.சி. ஓட வேண்டுமானால் என்ஜின் ஓட வேண்டும். நிறுத்திய வண்டியில் என்ஜின் எத்தனை நிமிஷம் ஓடிற்று என்பது முதலாளி போனில் தெரியும். அந்த டீசலும் பிடித்தம்தான் என்றார்.